மேடையில் டிஏ வேட்பாளருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

டாலஸ் வட்டாரத் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், கோயில் குழுக்கள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நம் கவுண்டியில் அரசுத் தரப்பில் குற்ற வழக்குகளை நடத்துகிற மாவட்ட அட்டர்னி, அதாவது நாம் எல்லோரும் டிஏ என்று சொல்கிறோமே, அந்தப் பதவிக்குத் தேர்தல் வரும்போது, போட்டியிடுகிற அத்தனை பேரையும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஏற்பாடு செய்யுங்கள். பொங்கல் விழாவுக்கு மேயர் வருகிறார். நகர மன்ற உறுப்பினர் வருகிறார். பள்ளி வாரியத்துக்கு நிற்பவர்கள் கேட்காமலேயே வருகிறார்கள். பொன்னாடை போர்த்திக்கொண்டு, "வணக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நல்லது, வரட்டும். ஆனால் டிஏ பதவிக்கு நிற்கிற ஒருவரை நம் மேடைகளில் நான் பார்த்ததே இல்லை. நாம் கூப்பிட்டால்தானே வருவார்கள்.

இதில் நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. டெக்சஸ் ஓட்டுச்சீட்டு அவ்வளவு நீளம். அமெரிக்க காங்கிரஸ், கவர்னர் என்று ஆரம்பித்து, ரயில்ரோடு கமிஷனர் என்று பெயர் வைத்துக்கொண்டு எண்ணெய், எரிவாயுவைப் பார்க்கிறவர் வரை போய், அப்புறம் நீதிபதிகள் வரிசை வரிசையாக வருவார்கள். 2020-க்கு முன்பு ஒரு கட்சியின் பெயருக்கு நேராக ஒரே ஒரு முறை குறித்தால் அத்தனை பதவிக்கும் ஓட்டு விழுந்துவிடும். அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பதவியாகக் கீழே இறங்கிப் போக வேண்டும். நான் விசாரித்த வரையில் நம் ஆட்களில் நிறைய பேர் பாதி வழியில் களைத்துப்போய் வெளியே வந்துவிடுகிறார்கள். டிஏ இருப்பது அந்த மீதிப் பாதியில்.

ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் பிபி என்கிற அரசு வழக்கறிஞரை அரசு நியமிக்கும். ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார். அவர் யார், எப்படிப்பட்டவர் என்று நம் வீடுகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. வழக்குப் பதிவதும் குற்றப்பத்திரிகை போடுவதும் அங்கே போலீஸ் வேலை. இங்கே கதையே வேறு. போலீஸ் பிடித்துக்கொண்டு வருபவர் மீது வழக்குப் போடுவதா வேண்டாமா, போட்டால் எந்தப் பிரிவில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையை எத்தனை வருஷமாகக் குறைப்பது என்று பேரம் பேசுவது, மரண தண்டனை கேட்பதா என்பதெல்லாம் டிஏ அலுவலகத்தின் கையில் இருக்கிறது. இந்த நாட்டில் தண்டிக்கப்படுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் விசாரணையே நடக்காமல், பேரத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள். அங்கே ஜூரியும் கிடையாது, சாட்சிக்கூண்டும் கிடையாது. நீதிபதி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாதிரி சில மாநிலங்களை விட்டால், ஏறக்குறைய எல்லா இடத்திலும் இந்த அதிகாரத்தை மக்கள் ஓட்டுப்போட்டுத்தான் ஒருவரிடம் கொடுக்கிறார்கள்.

கமலா ஹாரிஸுக்காகத் துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிய படங்களை நாம் எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டோம். 2003-இல் அவர் முதன்முதலாக மக்களிடம் ஓட்டுக் கேட்டு ஜெயித்த பதவி சான் பிரான்சிஸ்கோவின் டிஏ. அந்தப் பதவி என்ன செய்யும் என்பதைப் பற்றி ஒரு ஃபார்வர்டு கூட எனக்கு வரவில்லை.

என்ன செய்யும் என்பதற்கு நான் கலிஃபோர்னியா வரை போக வேண்டியதில்லை. நம் டாலஸ் கவுண்டியிலேயே ஒரு மனிதர் இருந்தார். கிரெய்க் வாட்கின்ஸ். 2023 டிசம்பரில், 56 வயதில் காலமானார். அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டால் நான் ஏன் இந்த நாற்காலிக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்பது புரியும்.

முதலில் அவர் வந்து உட்கார்ந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1951 முதல் 1987 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், டாலஸின் டிஏ ஹென்றி வேட். கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட ஆஸ்வால்டைச் சுட்டுக்கொன்ற ஜாக் ரூபியைக் கூண்டில் ஏற்றியவர். கருக்கலைப்பு உரிமை பற்றிய 'ரோ எதிர் வேட்' தீர்ப்பில் வருகிற வேட் இவர்தான். அவர் அலுவலகத்துக்குத் தோற்பது பிடிக்காது. 1960-களில் அங்கே வழக்குரைஞர்களுக்குக் கொடுத்த ஒரு குறிப்பில், யூதர், கறுப்பினத்தவர், மெக்சிகர், அல்லது எந்தச் சிறுபான்மை இனத்தவரையும் ஜூரியில் சேர்க்காதே என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்து வருவதைத்தான் நம் ஆட்கள் கவனித்துப் படிக்க வேண்டும்: அவர் எவ்வளவு பணக்காரராக இருந்தாலும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும் சரி. அன்றைக்கு நாம் இங்கே கூட்டமாக இல்லை. இருந்திருந்தால் நம்மிடமுள்ள முதுகலைப் பட்டமும் நல்ல வீடும் அந்தக் குறிப்பிலிருந்து நம்மைக் காப்பாற்றியிருக்காது.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1986-இல் தாமஸ் மில்லர்-எல் என்பவர் மீதான கொலை வழக்கில், ஜூரியில் உட்காரத் தகுதி பெற்றிருந்த 11 கறுப்பினத்தவரில் 10 பேரை அரசுத் தரப்பு நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2005-இல் ஆறுக்கு மூன்று என்று அந்தத் தண்டனை செல்லாமல் போனது. தீர்ப்பில் அந்த அலுவலகத்தின் பழைய குறிப்புகளும் பேசப்பட்டன.

இன்னொரு வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. லெனெல் கீட்டர் ஒரு பொறியாளர். இருபதுகளின் நடுவில் இருந்தவர், கறுப்பினத்தவர், கிரீன்வில்லில் ஒரு பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் நல்ல வேலை. 1982-இல் பால்ச் ஸ்பிரிங்ஸில் ஒரு கோழிக்கறிக் கடையில் 615 டாலர் கொள்ளை போனது. அடையாளம் காட்டியவர்கள் இவரைக் காட்டினார்கள். "அந்த நேரத்தில் இவர் எங்களோடு ஆபீஸில் இருந்தார்" என்று கூட வேலை பார்த்தவர்களே சொன்னார்கள். முழுக்க வெள்ளையர்கள் உட்கார்ந்திருந்த ஜூரி ஆயுள் தண்டனை கொடுத்தது. தேசியத் தொலைக்காட்சியில் விஷயம் வெடித்த பிறகுதான், ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு, வெளியே வந்தார். ஆபீஸில் இருந்தேன், சாட்சி இருக்கிறது, படித்தவன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்மில் நினைக்காதவர் யார்?

வாட்கின்ஸ் 1967-இல் டாலஸில் பிறந்தவர். கார்ட்டர் உயர்நிலைப் பள்ளி, பிறகு கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம், பிறகு சட்டப் படிப்பு. படித்து முடித்து டாலஸ் டிஏ அலுவலகத்தில் வேலைக்கு மனுப்போட்டார், கிடைக்கவில்லை. சரி என்று தெற்கு டாலஸில் சொந்தமாக அலுவலகம் போட்டு, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடினார். பக்கத்திலேயே ஜாமீன் பத்திரத் தொழிலும் நடத்தினார். 2002-இல் டிஏ தேர்தலில் நின்று தோற்றார். 2006-இல் மறுபடி நின்றார். எதிரே இருந்த டோபி ஷூக் அதே அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பழம் தின்று கொட்டை போட்டவர். வாட்கின்ஸ் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவரே இல்லை. செய்தித்தாள்கள் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. அந்த ஆண்டு டாலஸ் கவுண்டியில் ஜனநாயகக் கட்சிக்கு அடித்த அலையில், குறுகிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். டெக்சஸ் வரலாற்றில் தேர்தலில் வென்று டிஏ ஆன முதல் கறுப்பினத்தவர். வேலை தர மறுத்த அலுவலகத்துக்கு முதலாளியாக, 2007 ஜனவரியில் உள்ளே போனபோது வயது 39.

அவர் ஜெயித்தது ஒற்றைக் குறி காலத்தில். அவர் பெயரைக்கூடப் படிக்காமல் கட்சிக்குப் போட்ட ஓட்டுகள் அவருக்கு உதவியிருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. இன்று அந்த வழி இல்லை. இன்றைக்கு ஒரு வாட்கின்ஸ் வருவதானால் யாராவது அவர் பெயரைத் தேடிப் போய்க் குறிக்க வேண்டும்.

உள்ளே போனவர் என்ன செய்தார்? மூத்த வழக்குரைஞர்கள் சிலரை வீட்டுக்கு அனுப்பினார், இன்னும் சிலர் தாங்களே போய்விட்டார்கள். அந்த ஆண்டே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். கன்விக்ஷன் இன்டெக்ரிட்டி யூனிட் என்று பெயர். தன் அலுவலகமே வாங்கிக்கொடுத்த பழைய தண்டனைகளில் தப்பு நடந்திருக்கிறதா என்று தேடுவது அதன் வேலை. நாட்டிலேயே இது முதல் முறை. அதன் தலைமைக்கு அவர் கொண்டுவந்தது மைக் வேர் என்கிற எதிர்த்தரப்பு வழக்கறிஞரை. டிஎன்ஏ சோதனை கேட்டுச் சிறையிலிருந்து வந்திருந்த 400-க்கும் மேற்பட்ட மனுக்களை, சட்டக் கல்லூரி மாணவர்களை வைத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், வாட்கின்ஸின் ரசிகர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இத்தனையும் நடக்க முடிந்ததற்கு ஒரு காரணம் டாலஸ் கவுண்டியின் தடயவியல் ஆய்வகம். பல ஆண்டுகளுக்கு முந்தைய வழக்குகளின் உயிரியல் மாதிரிகளை அங்கே தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். வேறு பல ஊர்களில் வழக்கு முடிந்ததும் குப்பைக்குப் போன பொருள்கள் அவை. வாட்கின்ஸுக்கு முன்பே டாலஸில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் டிஎன்ஏ மூலம் வெளியே வந்திருந்தார்கள். அதாவது தடயம் பெட்டியில் இருந்தது, சிறையிலிருப்பவர் டிஎன்ஏ சோதனை கேட்கலாம் என்ற சட்டமும் 2001-இலேயே வந்துவிட்டது. பெட்டியைத் திறக்க மனமுள்ள ஒருவர் வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பதவியேற்ற அதே மாதம் ஜேம்ஸ் வாலர் என்பவர் நிரபராதி என்று நிரூபணமானது. வாட்கின்ஸ் நீதிமன்றத்துக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன்பு டிஏ யாரும் அப்படி வந்து நின்றதாக நினைவில்லை என்றார்கள் அங்கே இருந்தவர்கள். பிறகு அது வழக்கமே ஆகிவிட்டது. ஒவ்வொரு விடுதலையின்போதும், ஏற்கெனவே வெளியே வந்தவர்கள் கோட்டும் டையுமாக வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வெளியே வருபவரை அவர்கள் வரவேற்பார்கள். எப்படி ஒரு கைப்பேசியை இயக்குவது என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க அவர்கள்தான் ஆள்.

நம்மில் நிறைய பேர் குடியிருக்கிற ரிச்சர்ட்சனில் 1985-இல் நடந்தது ஒன்று. ஒரு பெண் வீட்டில் புகுந்த ஒருவனால் பாலியல் வன்முறைக்கு ஆளானார். போலீஸ் சில படங்களை மேசையில் பரப்பியது. அவர் தாமஸ் மக்கோவனின் படத்தை எடுத்து, இவராக இருக்கும் என்று நினைக்கிறேன் என்றார். நினைக்கிறேன் என்றால் போதாது, நிச்சயமாகச் சொல்ல வேண்டும் என்றார் அதிகாரி. அந்தப் பெண் நிச்சயம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. போலீஸே கேட்கும்போது, தன் நினைவுக்குத் தானே ஒரு முத்திரை குத்திக்கொண்டார். மக்கோவனுக்கு இரண்டு ஆயுள் தண்டனை. 23 ஆண்டுகள் கழித்து, 2008-இல், டிஎன்ஏ அவர் இல்லை என்றது. டாலஸில் வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் இப்படிக் கண்ணால் பார்த்த சாட்சி தவறியதால் உள்ளே போனவர்கள்தான்.

அதே 2008-இல் ஜேம்ஸ் வுடார்ட் வெளியே வந்தார். 27 ஆண்டுகள். தன் காதலியைக் கொன்றதாக வழக்கு. அன்றிரவு அந்தப் பெண் வேறு ஆண்களோடு இருந்தது அரசுத் தரப்புக்குத் தெரியும், எதிர்த்தரப்புக்குச் சொல்லவில்லை. பரோல் விசாரணைக்குக் கூப்பிட்டபோது ஒரு கட்டத்துக்கு மேல் வுடார்ட் போவதையே நிறுத்திவிட்டார். போனால் 'ஆமாம், கொன்றேன், வருந்துகிறேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கதவு திறக்கும். கார்னீலியஸ் டுப்ரீக்கும் இதே சோதனைதான். ஒப்புக்கொண்டால் முன்பே போகலாம் என்ற நிலையிலும் ஒப்புக்கொள்ளவில்லை. 1980-இல் 75 ஆண்டுத் தண்டனை பெற்றவர், 30 ஆண்டுகளை உள்ளே கழித்துவிட்டு, 2011 ஜனவரியில் நிரபராதி ஆனார். 2009-இல் வந்த டெக்சஸ் சட்டப்படி, தவறாகச் சிறையில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 80,000 டாலர் உண்டு. அந்தக் காசு நம் வரிப்பணத்திலிருந்துதான் போகிறது என்பதை, தர்ம நியாயத்தில் மனம் இறங்காத நம் நண்பர்களுக்குச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு இதில் மிகவும் உறுத்துகிற வழக்கு மைக்கேல் ஃபிலிப்ஸுடையது. 1990-இல் அவர் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டிய பெண் வெள்ளையர், இவர் கறுப்பினத்தவர். ஜூரி உன்னை நம்பாது, ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள் என்று அவருடைய வக்கீலே சொன்னார். ஒப்புக்கொண்டார். 12 ஆண்டுகள். வெளியே வந்த பிறகும் பாலியல் குற்றவாளிப் பட்டியலில் பெயர். உடல்நலம் கெட்டு, சக்கர நாற்காலியில், ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். சோதனை செய்யுங்கள் என்று அவர் கேட்கக்கூட இல்லை. வாட்கின்ஸின் அலுவலகம் யாரும் கேட்காமலே பழைய தடயப் பெட்டிகளை வரிசையாகச் சோதித்துக்கொண்டு வந்ததில், 2014-இல் உண்மையான ஆள் யார் என்று தெரிந்தது. பேரத்தில் ஒப்புக்கொண்டவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீயேதானே ஒப்புக்கொண்டாய் என்று கேட்டுவிடுவார்கள். அலுவலகம் தானாகத் தேடிப் போனதால் மட்டுமே ஃபிலிப்ஸ் கண்ணில் பட்டார்.

வாட்கின்ஸ் பதவியில் இருந்த எட்டு ஆண்டுகளில் இப்படி வெளியே வந்தவர்கள் முப்பதுக்கும் மேல்.

அவர் குற்றவாளிகளிடம் இளகியவர் என்று எதிரிகள் சொன்னார்கள். அது சரியில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தாவை 1932-இல் டெக்சஸ் அரசு மின்சார நாற்காலியில் கொன்றது. அதை அவரே வெளியே சொன்னார். மரண தண்டனை பற்றி அவருக்கு மனச்சங்கடம் இருந்தது. ஆனாலும் அவர் அலுவலகம் மரண தண்டனை கேட்டது, வாங்கவும் வாங்கியது. நான் அவரிடத்தில் இருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். அரசுத் தரப்பின் முதல் கடமை தண்டனை வாங்குவதல்ல, நியாயம் நடக்கிறதா என்று பார்ப்பது என்று டெக்சஸ் சட்டமே சொல்கிறது. அந்த வரியைச் சுவரில் மாட்டிவைத்த டிஏக்கள் நிறைய பேர் இருந்திருப்பார்கள். இவர் அதை வேலையாகச் செய்தார்.

சரி, அவரை நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. 2010-இல் மறுபடியும் குறுகிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அதற்குப் பிறகு சறுக்கல்தான். எண்ணெய்ப் பணக்காரக் குடும்பத்து வாரிசு ஒருவர் மீது, தனக்கு நெருக்கமான ஒரு வழக்கறிஞருக்குச் சாதகமாக வழக்குப் போட்டார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது மறுத்ததற்காக 2013-இல் ஒரு நீதிபதி அவரை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்றார். பின்னால் வேறொரு நீதிபதி விடுவித்தார். அதே ஆண்டு கவுண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு டோல்வேயில் முன்னால் போன காரை இடித்தார். இடிபட்ட காரில் இருந்தவரோடு செய்துகொண்ட சமரசத்துக்கு, குற்றவாளிகளிடம் பறிமுதல் செய்த நிதியிலிருந்து பல்லாயிரம் டாலர் போனது, வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. பழைய அலுவலகம் மறைத்து வைத்ததையெல்லாம் திறந்து காட்டியவர் தன் விஷயத்தை மட்டும் மூடிவைக்கப் பார்த்தார். அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஓட்டாளர்களுக்கும் தெரியவில்லை. 2014-இல் முன்னாள் நீதிபதி சூசன் ஹாக்கிடம் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஹாக் குடியரசுக் கட்சி. மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு 2016-இல் விலகினார். கவர்னர் ஃபெய்த் ஜான்சனை நியமித்தார், அவரும் குடியரசுக் கட்சி. 2018-இல் ஜனநாயகக் கட்சியின் ஜான் குரூசோ அவரைத் தோற்கடித்தார், 2022-இலும் வென்றார். இத்தனை மாற்றத்திலும் வாட்கின்ஸின் பிரிவை யாரும் இழுத்து மூடவில்லை. புரூக்ளின், பிலடெல்பியா, ஹூஸ்டன் என்று நாடு முழுக்க அதே மாதிரி பிரிவுகள் வந்துவிட்டன. டாலஸில் ஒரு முறை, குறுகிய வித்தியாசத்தில் விழுந்த ஓட்டு அது.

மறுபக்கமும் ஒன்று சொல்கிறேன், ஆஸ்டினில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் ஆகும். ரவுண்ட் ராக், சீடர் பார்க் எல்லாம் அடங்குகிற வில்லியம்சன் கவுண்டி. 1987-இல் மைக்கேல் மார்ட்டன் தன் மனைவியைக் கொன்றதாக ஆயுள் தண்டனை பெற்றார். வீட்டின் பின்பக்கம் ரத்தக் கறையோடு ஒரு கைக்குட்டை கிடைத்திருந்தது. அதைச் சோதிக்கக் கேட்டபோது, அப்போதைய டிஏ ஜான் பிராட்லி ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார். ஒருவழியாகச் சோதித்தபோது வேறொருவனின் டிஎன்ஏ கிடைத்தது. ஏறக்குறைய 25 ஆண்டுக்குப் பிறகு, 2011-இல், மார்ட்டன் வெளியே வந்தார். உண்மையான கொலைகாரன் 1988-இல் இன்னொரு பெண்ணையும் கொன்றிருந்தான். நிரபராதியை உள்ளே வைத்துக் கோப்பை மூடிய பிறகு நடந்த கொலை அது. அந்த வழக்கை முதலில் நடத்தியவர் தடயங்களை மறைத்ததற்காகப் பின்னாளில் சில நாள் சிறைக்குப் போனார், வக்கீல் உரிமத்தையும் விட்டுக்கொடுத்தார். பிராட்லி 2012-இல் தன் கட்சியின் பிரைமரியிலேயே, அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலிலேயே, தோற்றார். டாலஸிலும் இதே மாநிலச் சட்டம்தான், இதே டிஎன்ஏ சோதனைதான். பதவியில் இருந்த ஆள் வேறு.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நான் இதைச் சொன்னதும் நிர்வாகக் குழுவில் இருவர் மூவர் "சங்கத்துக்குள் அரசியல் வேண்டாம்" என்பார்கள், தெரியும். வரிவிலக்கு பெற்ற அமைப்பு ஒரு வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது, எதிர்க்கக் கூடாது. அது சட்டம். ஆனால் எல்லா வேட்பாளர்களையும் அழைத்து, எல்லோருக்கும் ஒரே கேள்வியும் ஒரே நேரமும் கொடுத்துக் கூட்டம் நடத்துவதற்குத் தடையில்லை. சொல்லப்போனால், தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரை மட்டும் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதுதான் அதைவிடச் சிக்கல்.

இன்னொரு நடைமுறைக் குழப்பம் இருக்கிறது. நம் சங்கத்துக்கு உறுப்பினர்கள் நாலாபக்கமும் இருந்து வருகிறார்கள். இர்விங், கோப்பெல்காரர்களுக்கு டாலஸ் கவுண்டி. பிளேனோ, ஆலன், மெக்கின்னி என்றால் காலின் கவுண்டி. ஃபிரிஸ்கோவில் தெருவைப் பொறுத்து காலினும் வரும், டென்டனும் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிஏ. பதவிக்காலம் நான்காண்டு, கவர்னர் தேர்தலோடு சேர்ந்து வரும்: 2018, 2022, 2026 என்று. அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டு என்பதால் கூட்டம் குறைவு. ஒரு கட்சியின் கை ஓங்கிய கவுண்டியில் முடிவு மார்ச் மாதப் பிரைமரியிலேயே தெரிந்துவிடும். அதனால் நவம்பரில் கூட்டம் போட்டுப் பயனில்லை. ஜனவரி, பிப்ரவரியில், பொங்கல் சூட்டோடு சூடாகப் போடுங்கள்.

குடியுரிமை இன்னும் வராதவர்களையும் கூப்பிடுங்கள். பச்சை அட்டைக்குக் காத்திருக்கிறவருக்கு டிஏ இன்னும் முக்கியமானவர். ஒரு சின்னக் கடைத் திருட்டு வழக்கையோ வீட்டுச் சண்டை வழக்கையோ எந்தப் பிரிவில் போடுகிறார்கள், எப்படி முடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு குடும்பம் இங்கே இருப்பதும் ஊர் திரும்புவதும் மாறிப்போகலாம். ஓட்டுப்போட முடியாதென்றாலும் எழுந்து கேள்வி கேட்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

என்ன கேட்பது என்று யோசிக்கிறவர்களுக்கு, நான் கேட்க நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய வழக்குகளைத் திரும்பப் பார்க்கும் பிரிவு உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா, அதில் முழுநேரமாக எத்தனை பேர்? சிறையிலிருந்து டிஎன்ஏ சோதனை கேட்டு மனு வந்தால் முதலில் எதிர்ப்பீர்களா, முதலில் பார்ப்பீர்களா? தடயங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்கிறீர்கள்? எதிர்த்தரப்புக்குக் கோப்பை முழுதாகத் திறந்து காட்ட வேண்டும் என்று மார்ட்டன் பெயரில் 2013-இல் வந்த சட்டத்தை மீறுகிற உங்கள் ஊழியருக்கு என்ன ஆகும்? ஆங்கிலம் தடுமாறுகிற தாய் தகப்பன்மார் புகார் கொடுக்க வந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா? பறிமுதல் நிதியை எதற்குச் செலவு செய்கிறீர்கள், கணக்கை எங்கே பார்க்கலாம்? கடைசிக் கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள். வாட்கின்ஸே அதில்தான் வழுக்கினார்.

இடத்துக்குக் கவலை வேண்டாம். தமிழ்ப் பள்ளி நடக்கிற வளாகத்தில் பிற்பகல் நான்கு மணிக்குமேல் கூடம் காலியாகத்தான் இருக்கிறது. பள்ளி முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற பெற்றோர்கள் அங்கேயே நிற்பார்கள். மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டு பேரைக் கேள்விகளைப் படிக்கச் சொன்னால் பெற்றோர் நிச்சயம் உட்கார்ந்து கேட்பார்கள். காபி, சமோசா செலவை நான் ஏற்கிறேன். வேட்பாளர்களுக்கு அனுப்ப வேண்டிய அழைப்புக் கடிதத்தையும் எழுதித் தருகிறேன். தேதியை மட்டும் நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
இர்விங்கிலிருந்து உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்